1658: ஓர் ஆண்டும் இரண்டு கோட்டைகளும்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஆண்டு யாதென வினவினால், எம் மாணாக்கர் கண்ணை மூடிக்கொண்டு 1658 என்பர். முப்பது ஆண்டுகளாக யானும் அவ்வெண்ணை அங்ஙனமே மனனஞ் செய்வித்து வந்துள்ளேன். இலக்கணமும் இலக்கியமுமே என் துறை. சரித்திரமோ, ஆசிரியர் போதாமையால் என் தலையில் வந்தேறிய சுமை. சென்ற தவணையில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்த ஆண்டிலே உலகத்தில் வேறு என்ன நடந்தது?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. "நாளைக்குச் சொல்லுகிறேன், பிள்ளை" என்றேன். அந்த நாளை வருவதற்கு மூன்று கிழமை சென்றது. அம்மூன்று கிழமையிற் கற்றவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

அவ்வாண்டு பிறக்கும்போது வட ஐரோப்பாவிற் கடல் உறைந்து கிடந்தது. சுவீடன் தேசத்து மன்னன் பத்தாம் சார்ள்ஸ் கஸ்தாவ், டென்மார்க்கின் தீவுகளுக்கு இடைப்பட்ட கடலின்மீது தன் சேனையைக் குதிரைகளோடும் பீரங்கிகளோடும் நடத்திச் சென்றான். பனி உடைந்து குதிரைப்படையிற் சில பிரிவுகள் அமிழ்ந்தன. எஞ்சியோர் அக்கரை சேர்ந்தனர். அகழிபோலக் கடலை நம்பியிருந்த டென்மார்க்கு, றொஸ்கில்டே என்னும் ஊரிற் செய்த உடன்படிக்கையால் தன் நிலத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை இழந்தது.

இவ்வடபுலச் செய்தி நமக்கு எதற்கென்று நினைப்பவர், சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடியை எண்ணுக. 1620 முதல் அது டேனியருடைய துறை. தாய்நாட்டினின்றும் பல்லாண்டுகளாகக் கப்பல் வாராமையால், 1655 தொடக்கம் கொங்ஸ்பாக் என்னும் டேனியர் ஒருவரே உள்ளூர்ப் படைஞரை வைத்துக்கொண்டு அக்கோட்டையைக் காத்து வந்தார். அடுத்த கப்பல் 1669இல் வந்தது. தம் அரசன் பாதி உயிராய்த் தப்பியதை அம்மனிதர் எப்பொழுது அறிந்தாரோ!

இனி நம் கரைக்கு வருவோம். 1656இற் கொழும்பு வீழ்ந்தபின், போர்த்துக்கேயருக்கு இத்தீவில் எஞ்சியவை மன்னாரும் யாழ்ப்பாணமுமே. ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸ், 1658 தொடக்கத்தில் தூத்துக்குடியையும், பின்னர் மன்னாரையும் பிடித்துத் தரைவழியே வடக்கு நோக்கி வந்தான். அவனோடு வந்தவருள் ஒருவர் பால்தேயு பாதிரியார். ஊர்காவற்றுறைக்கு அணித்தே நீர்சூழ நிற்கும் கடற்கோட்டை, பீரங்கியால் மாத்திரமன்று, குடிநீர் இன்மையாலும் பணிந்தது. நாற்புறமும் நீர், குடிக்கத் துளியில்லை. இலங்கையின் உருவம் பன்றித்தொடை போன்றதென்றும், இக்கோட்டை அதன் குதிக்காலிற் கிடப்பதென்றும் கருதி, ஒல்லாந்தர் அதற்கு ஹாமென்ஹீல் எனப் பெயரிட்டனர். பசித்தவர் இட்ட பெயர் போலும்!

யாழ்ப்பாணப் பெருங்கோட்டை மூன்று திங்களுக்கு மேல் முற்றுகையிடப்பட்டது. இன்று நாம் காணும் ஐங்கோணக் கோட்டை பின்னாளில் ஒல்லாந்தர் கட்டியது. அன்று நின்றது போர்த்துக்கேயரின் நாற்சதுரக் கோட்டை. உள்ளே படைஞரும், அஞ்சிப் புகுந்த குடும்பங்களும் நெருங்கியிருந்தனர். பசியும் நோயும் மதிலைக் கடக்க ஏணி வேண்டுவதில்லை. யூன் மாதத்தின் பிற்பகுதியிற் கோட்டை சரணடைந்தது. 1619இற் சங்கிலியின் அரசை விழுங்கியவர்கள் முப்பத்தொன்பது ஆண்டுகளில் வெளியேறினர். யூலையில் நாகபட்டினமும் ஒல்லாந்தர் வசமாயிற்று. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினோம் என்று, ஒல்லாந்தரைத் துணைக்கழைத்த தம் மன்னன் இராசசிங்கனை நினைந்து சிங்கள மக்கள் சொல்லுவதுண்டு. நம்மவர்க்கோ கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை. கறி மாத்திரம் காரமாயிற்று.

இனி என்னை மூன்று இரவு உறங்கவிடாத செய்திக்கு வருகின்றேன். அதே யூன் மாதம், யாழ்ப்பாணம் வீழ்வதற்குச் சில நாள் முன்னர், ஆக்ராக் கோட்டையும் வீழ்ந்தது. அதுவும் தண்ணீராலேயே வீழ்ந்தது! முதல் ஆண்டிலே ஷாஜகான் நோயுற்றமை கேட்டு, மைந்தர் நால்வரும் அரசுரிமைக்குப் போர் தொடங்கினர். மூத்தவனாகிய தாரா ஷிக்கோவைச் சாமுகர் என்னுமிடத்தில் முறியடித்த ஔரங்கசீப், தந்தை தங்கியிருந்த கோட்டைக்கு யமுனையினின்றும் நீர் கொள்ளும் வாயிலை அடைத்துவிட்டான். கோடை உச்சத்தில், தாஜ்மகாலைக் கட்டுவித்த சக்கரவர்த்தி கோட்டைக் கிணற்றின் உவர்நீரைக் குடித்தார். பொறுக்கமாட்டாது கதவைத் திறந்தார். அக்கோட்டையிலேயே எட்டாண்டு சிறையிருந்து 1666இல் இறந்தார்.

தாராவின் தோல்வியை மாணவர்க்குச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. போர்க்களத்தில் அவன் சிறந்த தளபதியல்லன். அவன் செருக்கைப் பற்றியும் எழுதியிருக்கின்றார்கள். ஆயினும் 1657இலே, காசியிலிருந்து பண்டிதரையும் துறவியரையும் அழைப்பித்து உடனிருத்தி, ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் ஆக்கி முடித்தவன் அவன். ஓர் இளவரசன் பண்டிதர் பக்கத்தில் ஏடும் கையுமாய் அமர்ந்திருந்த அக்காட்சியை, ஒரு பண்டிதனாகிய யான் எளிதிற் கடந்துபோக இயலவில்லை. மறு ஆண்டு கோடையில் அவன் ஊர்விட்டு ஊர் ஓடினான், 1659இற் கொல்லப்பட்டான். அவனுடன் அமர்ந்த பண்டிதர் பெயர்களை நாம் கேட்பதில்லை. நூல் தப்பியது. அதனை அன்கத்தில் துப்பெரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இலத்தீனில் ஆக்கி 1801, 1802 ஆண்டுகளில் வெளியிட, அவ்வழியே ஜேர்மானிய தத்துவஞானி சோப்பனோவர் உபநிடதத்தைக் கற்றார்.

ஏனையவற்றை விரைந்து சொல்லிவிடலாம். செப்டெம்பரில் இங்கிலாந்தின் குறொம்வெல் இறந்தார். இரண்டாண்டுக்குள் மன்னராட்சி மீண்டது. ஒல்லாந்தின் ஹைகன்ஸ், தாம் அமைத்த ஊசற் கடிகாரத்தை விளக்கி அவ்வாண்டே ஒரு சிறு நூல் வெளியிட்டார். சீனத்துக் கடற்றலைவன் செங் செங்குங்கின் கடற்படை புயலிற் சிதைந்தது. அவனே பின்னர் 1662இல் ஒல்லாந்தரைத் தாய்வானினின்றும் துரத்தினான். ஆண்டிறுதியில், மீண்டும் போர் தொடுத்த சுவீடனிடமிருந்து கொப்பன்ஹேகனைக் காக்க ஒல்லாந்துக் கப்பற்படை சென்று வென்றது. யாழ்ப்பாணத்து மதிலைத் தகர்த்த கொடியும் டேனியர் தலைநகரைக் காத்த கொடியும் ஒன்றே. வகுப்பில் இதனைச் சொன்னபொழுது ஒரு பையன் சிரித்தான். ஏன் என்று கேட்டேன், அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னுமொன்று. அவ்வாண்டு சனவரியில் ஆன் என்னும் கப்பல் இங்கிலாந்தினின்றும் கீழைத் தேயம் நோக்கிப் பாய்விரித்தது. கப்பற்றலைவரின் மகன், பதினேழு வயது நிரம்பாத றொபேட் நொக்ஸ், அதில் இருந்தான். 1660இற் கொட்டியாரத்தில் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டு, கண்டி நாட்டிற் பத்தொன்பதாண்டு கழித்துத் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டவன் அவனே.

யான் சொல்லி முடித்ததும் அதே மாணவி எழுந்தாள். "கோட்டை முற்றுகையை யார் எழுதி வைத்தார்கள், ஐயா?" பால்தேயுவின் நூல் 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளிவந்தது, குவேறோஸ் பாதிரியார் தம் பெருநூலைக் கோவையில், அஃதாவது போர்த்துக்கேயர் ஆண்ட கோவா நகரில், 1687இல் முடித்தார். "தமிழில்?" என்றாள். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை 1736ஆம் ஆண்டளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுந்தது என்றேன். மூன்றனையும் கரும்பலகையில் எழுதினேன். அவள் ஒவ்வோர் ஆண்டினின்றும் 1658ஐக் கழித்துக் கொப்பியிற் குறித்துக்கொண்டிருந்தாள்.