அரை அரிசி எடை

பின்னால் எதையும் உமிழாமல், வெற்றிடத்தையே உந்திக்கொண்டு விண்கலம் போகுமா என்று ஒரு பள்ளி மாணவி கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். அவர் கேள்விப்பட்டது எம்டிரைவாகத்தான் இருக்கவேண்டும். பிரிட்டிஷ் பொறியாளர் ரோஜர் ஷாயர் முன்வைத்த கருவி அது. ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய, மூடிய செப்புக் கூம்பு. உள்ளே மைக்ரோ அலைகளைச் செலுத்தினால் கூம்பு தானே நகரும் என்றார்.

நின்றுபோன பேருந்துக்குள் உட்கார்ந்து முன்சீட்டைத் தள்ளினால் பேருந்து நகராது. இறங்கித் தரையில் காலூன்றவேண்டும். கூம்புக்குத் தரை எது? குவாண்டம் வெற்றிடம் என்றார் நாசாவின் ஹெரால்ட் வைட். வெற்றிடம் வெறுமை இல்லைதான். நெருங்கி நிற்கும் இரு உலோகத் தகடுகள் அதனால் ஈர்க்கப்படும் என்று 1948இல் இயற்பியலாளர் காசிமிர் கணித்தார். பின்னாளில் அளந்தும் பார்த்தார்கள். ஆனால் தகடுகள் ஒன்றையொன்று இழுப்பது வேறு, கலம் காலூன்றுவது வேறு. ஆற்றலின் அடிமட்டத்தில் கிடக்கும் வெற்றிடம் அப்படிப் பிடிமானம் தராது என்பதே பெரும்பாலான இயற்பியலாளர்களின் கருத்து.

இருந்தும் 2016இல் வைட் குழு ஒரு விசையை அளந்ததாக வெளியிட்டது: கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன். அவர்கள் செலுத்தியது 80 வாட் வரைதான். அப்படியானால் கிடைத்தது ஏறத்தாழ அரை அரிசியின் எடை.

எங்கள் தெருப் பத்தர் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார். மூக்குத்தி நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, எங்களையும் மூச்சை அடக்கச் சொல்வார். முள் அசைந்தால் அது பொன்னால் மட்டுமே அசையவேண்டும்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் மார்ட்டின் டாஜ்மார் குழு செய்தது இந்தப் பத்தர் வேலையை. 2018இல் கூம்புக்குள் போகும் அலையை ஏறக்குறைய முழுவதும் அடைத்துப் பார்த்தார்கள். விசை அப்படியே இருந்தது! கம்பிகளில் ஓடிய மின்சாரம் பூமியின் காந்தப்புலத்தோடு உரசியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். 2021இல் இன்னொரு காரணமும் பிடிபட்டது. கருவி சூடேற, அதைத் தராசில் பிணைத்த பாகங்கள் நெளிந்து முள்ளை நகர்த்தியிருந்தன. தொங்கவிடும் முறையை மாற்றியதும் விசை காணாமல்போனது.

2016இன் பரபரப்பைச் சொல்லும் காணொளிகள் இன்றும் சுற்றுகின்றன. டிரெஸ்டன் உழைப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். செய்முறை நோட்டில் வரவேண்டிய விடைக்கு ஏற்ப எண்ணைத் திருத்தப் பழக்கிவிட்டோம். பிழையை ஐந்து ஆண்டு துரத்திய கதையைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும்.

எதையும் உமிழாமல் போன கலம் உண்டா என்றால், உண்டு. 2010இல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ், பக்கத்துக்கு 14 மீட்டர் நீளமுள்ள மெல்லிய பாயை விரித்துக்கொண்டு போனது. அதைத் தள்ளியது வெளியிலிருந்து வந்த வெயில். அந்தத் தள்ளுதல் 1.12 மில்லிநியூட்டன், ஐந்தாறு அரிசி எடை.