வெற்றிடமும் வெற்றியும்

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் ஆலயமும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். அடுத்தபடியாக நினைவுக்கு வருவது பீங்கான். அச்சில் பீங்கான் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்கள் ஓர் அதிசயத்தைக் கவனித்திருப்பார்கள். பால்போல் கரைத்த களிமண் குழம்பை அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மட்டும் மண் படிந்து இறுகுகிறது. பிறகு நடுவிலுள்ள குழம்பைத் திரும்பக் கொட்டிவிடுகிறார்கள்! எஞ்சுவது பொம்மை, அதன் வயிற்றில் வெற்றிடம். அந்த வெற்றிடம் தானாக அமைந்ததன்று, தொழிலாளி உண்டாக்கியது.

"பீங்கானுக்கும் காற்பந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. காற்பந்தாட்டத்திலும் வெற்றிடம் என்பது காத்திருந்து பெறும் பொருளன்று. உண்டாக்க வேண்டிய பொருள்.

நெருக்கும் சேனை

பந்தை இழந்த கட்சி தன் பாதிக்குத் திரும்பிக் கோலைக் காத்து நிற்பது பழைய வழக்கம். இக்காலத்திலோ, பந்தை இழந்த கணமே முன்னேறிச் சென்று, எதிராளியின் கோல் வாயிலிலேயே அவனை நெருக்குகிறார்கள். 'ஹை பிரஸ்' என்பது இதன் பெயர். 1974-ம் வருஷத்து உலகக் கோப்பைப் பந்தயத்தில் நெதர்லாந்துக் கட்சி இவ்விதம் ஆடி உலகத்தையே வியக்க வைத்தது. இதன் முதல் ஆயுதம் பயம். இரண்டு பேர் பாய்ந்து வருவதைக் கண்ட பையன் கண்ணை மூடிக்கொண்டு பந்தை உதைக்கிறான். பந்து மறுபடியும் எதிரியிடமே போய்ச் சேருகிறது.

ஆனால் சற்றே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கட்சிக்கு 11 பேர். எதிர்க்கட்சியின் கோல் கீப்பர் தம் கோலைத் திறந்து போட்டுவிட்டு வந்து நெருக்க முடியாது. ஆகவே நெருக்குபவர்கள் 10 பேர்தான். நம்மிடமோ கோல் கீப்பரையும் சேர்த்து 11 பேர். எந்த நேரத்திலும் நம்மவர் ஒருவர் தனித்து நிற்கிறார்! மேலும், 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள மைதானத்தில் எதிரி முன்னேறி வந்தால், அவன் முதுகுக்குப் பின்னால் நிலம் காலியாகிறது. நெருக்குவது கடன் வாங்குவது போல. கடனை வசூலிக்கத் தெரிந்தவனுக்கு லாபம்.

வசூலிக்கும் வழிகள்

முதலாவது, அகலம். பின்வரிசை ஆட்டக்காரர்கள் பக்கவாட்டுக் கோடு வரை விலகி நின்றால் எதிரியும் விலகியாக வேண்டும். நடுவில் வழி திறக்கிறது. இரண்டாவது, பொறுமை. எதிரி தன் இடத்தை விட்டு வரும் வரையில் பந்தைக் காலடியில் வைத்திருந்து, அவன் நெருங்கிய பின்பே பாஸ் கொடுக்க வேண்டும். மூன்றாவது, மூன்றாம் ஆள். ராமனிடமிருந்து கோபாலனுக்கு வழி அடைபட்டிருந்தால், ராமன் முன்னே நிற்கும் முருகனுக்குத் தள்ளுகிறான். முருகன் ஒரே தட்டில் கோபாலனிடம் சேர்க்கிறான். நெருக்கியவர்கள் பந்தைத் திரும்பிப் பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

நாலாவது, சென்டர் பார்வர்டு பின்வாங்குவது. 1953-ம் வருஷம் நவம்பரில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்ததல்லவா? அன்று ஹிதெகுட்டி முன்வரிசையை விட்டுப் பின்னே வந்து நின்றார். அவரைத் தொடர்ந்து போனால் கோல் முன்னே ஓட்டை. போகாவிட்டால் அவருக்குப் பூரண சுதந்திரம். இங்கிலாந்துக்காரர்கள் திகைத்தார்கள், அவர் மூன்று கோல் போட்டார்.

ஐந்தாவது, நீண்ட பாஸ். தன் பாதியிலிருந்து ஓடத் தொடங்குபவனுக்கு ஆப்ஸைட் கிடையாது. எதிரியின் பின்வரிசை நடுக்கோடு வரை ஏறிவிட்டால், அதன் தலைக்கு மேல் குறி பார்த்து அடிப்பது புத்திசாலித்தனம். குறியில்லாமல் அடிப்பதுதான் பயம்.

ஒரு பள்ளி ஆசிரியர்

இந்தச் சிந்தனை நம் தேசத்துக்குப் புதிதன்று. 1950 முதல் 1963 வரை இந்தியக் கட்சியைப் பயிற்றுவித்த ஸையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பந்தை உருட்டிச் செல்லக் கூடாது என்றும், பலமில்லாத காலாலேயே ஆட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்துப் பந்தயங்கள் நடத்தினார். விரைவாகப் பாஸ் கொடுக்கவும், எந்தப் பக்கமும் திரும்பவும் அதனால் பழக்கம் ஏற்பட்டது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நாலாவது ஸ்தானம் பெற்றது. 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கப் பதக்கமே கிடைத்தது. அந்த இறுதிப் பந்தயத்தில், தலையில் அடிபட்டிருந்த பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். அவர் ஒரு கோல் போட்டார். ஆட்டக்காரன் நட்ட கம்பம் அல்லன் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

நம் மாவட்டப் பெண்கள்

விருத்தாசலம் அடங்கிய கடலூர் மாவட்டம் இன்று பெண்கள் காற்பந்துக்குப் பேர் பெற்றிருக்கிறது. இந்தியக் கட்சியில் நடுக்கள வீராங்கனையாக ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். 2018-ல் கட்டாக்கில், பல முறை பட்டம் வென்ற மணிப்பூரையும், 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் 2-1 என்று வென்று, தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டம் பெற்றார்கள். நெருக்கடிக்கு அஞ்சாமல் நிற்பது நம் பெண்களுக்குத் தெரியாத கலையா என்ன?

ஆனால் விளையாட மைதானமே இல்லாத குழந்தைக்கு வெற்றிடத்தை உண்டாக்கும் வித்தையை எங்ஙனம் கற்பிப்பது? பள்ளித் திடலில் இன்னொரு கட்டிடம் எழும்பும்போதும், உடற்பயிற்சி வகுப்பைக் கணக்கு வகுப்பு விழுங்கும்போதும், நாமே நம் குழந்தைகளை நெருக்குகிறோம். பத்து மீட்டர்ச் சதுரம் இருந்தால் போதும்: சுற்றிலும் நாலு பேர், நடுவில் பந்தைப் பறிக்க இரண்டு பேர். தினம் அரை மணி நேரம் இப்படி ஆடினால் கண்ணும் காலும் பழகிவிடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெண் பந்தோடு நிற்கும்போது எதிரிகள் பாய்ந்து வருவார்கள். கோட்டுக்கு வெளியே நின்று, "உதை! உதை!" என்று கூச்சல் போடாதீர்கள். அவள் தலை நிமிர்ந்து பார்க்கட்டும். தனித்து நிற்கும் அந்தப் பதினோராம் ஆளை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள்.