நெய்வேலி நிலமெடுப்பும் சட்டமும்

நெய்வேலி நிலமெடுப்பு என்பது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்காக அரசு தனியார் நிலங்களைக் கையகப்படுத்தி வருவதைக் குறிக்கும். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2016 முதல் இது என்.எல்.சி. இந்தியா நிறுவனம் என அழைக்கப்படுகிறது. இங்கு எழுந்த வழக்குகள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைந்தன. நிலம் எந்த நாளில் எடுக்கப்பட்டதாகக் கொள்வது, அதன் மதிப்பை எந்த நாளில் கணக்கிடுவது என்பதே அவ்வினா.

நெய்வேலிச் சுரங்கங்கள் திறந்தவெளிச் சுரங்கங்கள் ஆகும். மேல்மண்ணை அகற்றி நிலக்கரியை வெட்டியெடுத்தபின், வெட்டுமுகம் அடுத்த வயலை நோக்கி நகர்கிறது. ஆகவே இங்கு நிலமெடுப்பு ஒருமுறை நடந்து முடிந்துவிடும் செயல் அன்று.

1947ஆம் ஆண்டு விலை

1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டப்படி, முதல் அறிவிக்கை வெளியான நாளின் சந்தை மதிப்பே இழப்பீட்டிற்கு அடிப்படையாக இருந்தது. ஆனால் சென்னை மாநிலம் 1953இல் பழுப்பு நிலக்கரி நிலங்களுக்கென ஒரு தனிச் சட்டம் இயற்றியது. நிலம் எப்போது எடுக்கப்பட்டாலும் 1947 ஏப்ரல் 28ஆம் நாளின் மதிப்பே தரப்படும் என்று அது விதித்தது. அந்நாளுக்குப் பின் செய்யப்பட்ட, வேளாண்மை சாராத மேம்பாடுகளுக்கும் இழப்பீடு இல்லை.

சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லாது என்றது. மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 1964இல் தள்ளுபடி செய்தது. நிலத்தை எடுக்கும் நாளோடு தொடர்பற்ற பழைய விலை, அரசியலமைப்பின் 31(2)ஆம் உறுப்பு கூறும் இழப்பீடு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். இழப்பீடு போதுமானதா என நீதிமன்றம் ஆராய்வதைத் தடுத்த நான்காம் திருத்தம் 1955இல்தான் வந்தது. இச்சட்டம் அதற்கு முற்பட்டது என்பதும் நில உடைமையாளர்களுக்குத் துணையானது.

1995ஆம் ஆண்டுச் சட்ட இதழ்களில் வெளியான மற்றொரு நெய்வேலித் தீர்ப்பு நிறுவனத்திற்குச் சாதகமானது. யாருக்காக நிலம் எடுக்கப்படுகிறதோ அந்த நிறுவனமும் இழப்பீட்டு வழக்கில் பங்கேற்கலாம் என உச்ச நீதிமன்றம் கூறியது. பணம் தருவது நிறுவனமே என்பதால் இது நியாயம்தான். எனினும், கூடுதல் தொகை கேட்கும் உழவர் அரசு, நிறுவனம் ஆகிய இரண்டையும் எதிர்த்து வாதிட வேண்டியதாயிற்று.

மாநிலச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும்

1978இன் 44ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கி, 300-அ உறுப்பில் வைத்தது. பின்னர் நெய்வேலியில் நிலங்கள் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம், 1997 என்பதன் கீழ் எடுக்கப்பட்டன.

2014 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய நிலமெடுப்புச் சட்டம் (2013) சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பல்போகப் பாசன நிலத்தை இறுதி வழியாகவே எடுக்கலாம் என்றது. ஊர்ப்புற நிலத்தின் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையான எண்ணால் பெருக்கி, நிலத்திலுள்ள மரம், கட்டடம் போன்றவற்றின் மதிப்பையும் கூட்டி, அதே அளவு ஆறுதல் தொகையும் தர வேண்டும். தமிழ்நாடு அரசு 105-அ என்னும் பிரிவைச் சேர்த்து, தொழில் நோக்கச் சட்டம் உள்ளிட்ட தன் மூன்று சட்டங்களுக்கு விலக்களித்தது. இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் மத்திய சட்டத்தைப் பின்பற்றும்.

2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இவ்விலக்கை ஏற்கவில்லை. மத்திய சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற 2013 செப்டம்பர் 27 அன்றே மாநிலச் சட்டங்கள் முரண்பாட்டால் செயலிழந்தன என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அவற்றை 2013 செப்டம்பர் 26 முதல், அதாவது ஒரு நாள் முன்னதாக, மீட்டெடுத்து ஒரு சட்டம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று இதனை உறுதி செய்தது. இதனால் சமூகத் தாக்க மதிப்பீடு இன்றியே நிலமெடுப்பைத் தொடர வழி ஏற்பட்டது.

வளையமாதேவி, 2023

2023 ஜூலை 26 அன்று, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றைத் திசைதிருப்பும் கால்வாய்க்காக நெற்பயிர் நின்ற வயல்களில் பொக்லைன் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. இவை 2006க்கும் 2013க்கும் இடையில் எடுக்கப்பட்ட நிலங்கள் என்று நிறுவனம் கூறியது. ஆனால் உழவர்கள் அங்கே தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். தாளில் நிலம் கைமாறிவிட்டது, வயலில் கைமாறவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் சேதமடைந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அறுவடையை முடித்து செப்டம்பர் 15க்குள் நிலத்தை ஒப்படைக்குமாறு உழவர்களுக்கும் கூறியது.

ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாத நிலத்தை உடைமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அதன் சொற்கள் "இச்சட்டத்தின் கீழ்" எடுத்த நிலத்தையே குறிக்கின்றன. மாநிலச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட நெய்வேலி நிலங்களுக்கு இதுவே இடர்ப்பாடு.

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் இங்கு பெரிதும் உதவாது. கடலூர் மாவட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே அதில் அடங்கும். முன்பே நடந்துவந்த பணிகளையும் அது நிறுத்தாது.

2024 மே மாதம், கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 300-அ உறுப்பில் ஏழு உரிமைகள் அடங்கியுள்ளன என விளக்கியது. அவை முன்னறிவிப்பு, ஆட்சேபம் கேட்கப்படுதல், காரணத்துடன் கூடிய முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, திறம்பட உரிய காலத்தில் நடத்துதல், நடவடிக்கை நிறைவுறுதல் ஆகியன. ஏழாவதன்படி, நிலத்தின் உடைமையை நேரில் பெறாதவரை நிலமெடுப்பு முற்றுப்பெறுவதில்லை.