மீன் தொட்டிக்கு ஏற்ற முன்வரிசைச் செடி – நீர் ஆரை

நடவு வயலில் களையெடுக்கும்போது பிடுங்கி வரப்பில் எறியும் நாலிலை ஆரையை அறியாத உழவர் இரார். சிலர் அதனை ஆரைக்கீரை என்று சமைத்து உண்பதும் உண்டு. நெற்பயிருக்குக் களையாகிய இதே இனச் செடிதான், வீடுகளில் அழகு மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளில் முன்வரிசைச் செடியாக விரும்பி வளர்க்கப்படுகிறது. இதனை முறைப்படி வளர்த்துச் சிறு துணை வருமானம் பெற முடியுமா, அதற்கு எவ்வகையில் கவனம் தேவை என்பதை இங்குக் காண்போம்.

முன்வரிசைச் செடி என்பது யாது?

கண்ணாடித் தொட்டியின் பின்புறத்தில் உயரமான செடிகளும், நடுவில் நடுத்தர உயரச் செடிகளும், பார்ப்பவர் கண்ணுக்கு நேரே முன்புறத்தில் குட்டையாகப் படரும் செடிகளும் வைக்கப்படும். இம்முன்புறச் செடி மீனை மறைக்காமல் புல்தரை போல் மணலை மூட வேண்டும். ஆரையின் தண்டு மண்ணுக்குள் கிடையாக ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடுவதால் இப்பணிக்கு அது பொருந்துகிறது.

ஆரை பூக்கும் செடியன்று. பெரணி இனத்தைச் சேர்ந்தது. நம் வயல்களில் பெரும்பாலும் காணப்படுவது மார்சீலியா மைனூட்டா. கடைகளில் அதிகம் விற்பனையாவது ஹிர்சூட்டா, கிரனேட்டா என்னும் அதன் உறவினங்கள். நம் வயல் ஆரை இவற்றைவிடச் சற்று உயரமாக வளரக்கூடியது. ஆகவே வாங்குவோர் எந்த இனத்தைக் கேட்கின்றனர் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

புளியாரையை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. புளியாரைக்கு மூன்று சிற்றிலைகள், வாயிலிட்டால் புளிக்கும். அதனை நீருக்குள் நட்டால் அழுகிவிடும். ஆரைக்கு நான்கு சிற்றிலைகள்; இளந்தளிர் பெரணிக்கே உரிய முறையில் சுருண்டிருக்கும்.

தாய்ச்செடி தேர்வு

மிகுந்த கவனம் தேவைப்படும் கட்டம் இதுவே. பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து எடுத்த செடியை நேரே தொட்டியில் இட்டால் மீன் இறக்க நேரிடும். தொட்டிகளில் வளர்க்கப்படும் சிற்றிறால்கள் பல பூச்சிமருந்துகளை மீனைவிடக் குறைந்த அளவில்கூடத் தாங்குவதில்லை. ஒருமுறை இவ்வாறு நேர்ந்தால் அந்த வியாபாரி மீண்டும் உங்களிடம் வாங்கமாட்டார். ஆகவே மருந்து படாத குட்டை, வாய்க்கால் ஓரங்களில் செடி எடுக்க வேண்டும். எடுத்தவற்றையும் நேரே விற்காமல், அவற்றின் நுனிகளைத் தூய மண்ணில் வளர்த்து, அங்குப் புதிதாகப் படர்ந்த தண்டுகளை மட்டுமே விற்பனைக்கு ஒதுக்க வேண்டும்.

நாற்றங்கால்

மீன்தொட்டிச் செடிகளில் பலவற்றை வணிகமுறையில் நீருக்கு மேலேயே வளர்க்கின்றனர். இதற்குக் காரணம் உண்டு. கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. அதனால் நீருக்குள் செடிக்குக் கிடைக்கும் உணவு குறைந்து வளர்ச்சியும் மந்தமாகிறது. இலை காற்றில் இருந்தால் விரைவில் படரும்.

பத்து செ.மீ. ஆழமுள்ள பிளாஸ்டிக் தட்டுகளில் இரண்டு பங்கு வண்டல், ஒரு பங்கு மணல் கலந்து 5 செ.மீ. உயரத்திற்கு நிரப்புங்கள். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுத் துண்டுகளை 5 செ.மீ. இடைவெளியில் பதித்து, மண்ணின் மேல் 1 அல்லது 2 செ.மீ. நீர் நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பாதி நிழல் தரும் வலைப்பந்தல் போதுமானது. மருந்து தெளிக்கும் வயலின் காற்றோட்டத் திசையில் தட்டுகளை வைக்கலாகாது. வாய்க்கால் நீரைத் தவிர்த்துக் கிணற்று நீரையே பாய்ச்சுங்கள்.

நீருக்குள் பழக்குதல்

காற்றில் வளர்ந்த நாலிலைகள் நீரில் மூழ்கியதும் மெல்ல மஞ்சளாகி அழுகும். செடி செத்துவிட்டது என்று வாங்கியவர் எண்ணிவிடுவார். உண்மையில் தண்டு உயிருடன் இருந்து, சில வாரங்களில் நீருக்கேற்ற புதிய இலைகளை விடும். அவ்விலைகள் ஒற்றையாகவோ, இரண்டு அல்லது நான்காகப் பிளந்தோ இருக்கும். விற்கும்போதே இதனை எடுத்துச் சொல்லுங்கள். இயன்றால் நீங்களே நான்கு வாரம் தெளிந்த நீரில் மூழ்கவைத்துப் புதிய இலை விட்ட பின் கொடுப்பது நன்று.

தூய்மை செய்தல்

செடியுடன் நத்தை, நத்தை முட்டை, பாசி, சிறு பாசிலை ஆகியவை சேர்ந்து செல்லக் கூடாது. மண்ணை அலசி, முட்டைகளைக் கையால் நீக்குங்கள். பின்னர் 100 லிட்டர் நீருக்கு 1 கிராம் வீதம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து, அதில் 10 நிமிடம் செடிகளை வைத்து, நல்ல நீரில் இருமுறை அலசுங்கள். நத்தை முட்டை இதனால் முழுதும் சாவதில்லை. எனவே இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கண்காணியுங்கள். அத்தொட்டியிலேயே சில கப்பி மீன்களையும் சிற்றிறால்களையும் விட்டுப் பார்த்தால், நச்சு எஞ்சியுள்ளதா என்பதும் தெரிந்துவிடும்.

தொட்டியில் நடும் முறை

வாங்குவோர்க்குச் சொல்லவும், வீட்டில் நீங்களே வளர்த்துப் பார்க்கவும் இம்முறை உதவும். அடியில் 5 செ.மீ. கனத்திற்கு 1 முதல் 3 மி.மீ. பருமனுள்ள கழுவிய மணலைப் பரப்புங்கள். இடுக்கியால் தண்டுத் துண்டுகளை 3 செ.மீ. இடைவெளியில், தண்டு மறையுமாறு பதியுங்கள். 60 செ.மீ. நீளத் தொட்டியின் முன்புறத்தில் 10 செ.மீ. அகலப் பட்டைக்கு ஏறத்தாழ 60 துண்டுகள் தேவைப்படும்.

நாள்தோறும் 7 அல்லது 8 மணி நேர விளக்கொளி போதும். ஒளி மிகுந்தால் பாசி பிடிக்கும்; குறைந்தால் இலைக்காம்பு நீண்டு நீர்மட்டத்தை நோக்கி எழும். அவ்வாறு எழும் இலைகளை அடியில் கத்தரித்துவிட வேண்டும். மணலைக் கிளறும் தங்கமீனுடன் இதனை வளர்ப்பது கடினம். கப்பி போன்ற சிறு மீன்கள் ஏற்றவை.

வயலில் இடும் வழக்கப்படி யூரியாவையோ சாணத்தையோ தொட்டியில் இட்டுவிடாதீர்கள். யூரியா சிதைந்து அம்மோனியாவாகி மீனின் செவுள்களைத் தாக்கும். சாணம் அழுகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். மீன் கழிவே ஆரைக்குப் பெரும்பாலும் போதிய உரமாகும்.

சந்தையும் எச்சரிக்கையும்

சென்னைக் கொளத்தூர் அழகு மீன் வணிகத்திற்குப் பெயர் பெற்றது. அங்கோ அருகிலுள்ள நகரக் கடைகளிலோ மாதிரிச் செடிகளைக் காட்டி, எந்த இனம், எந்த வடிவில், எத்தனை வேண்டும் என்று கேட்டறிந்த பின்னரே தட்டுகளைப் பெருக்குங்கள். இதற்கெனக் கடன் வாங்குவதோ நெல் வயலை மாற்றுவதோ கூடாது. இரண்டு தட்டுகளில் தொடங்கினால், சந்தை அமையாவிடினும் இழப்பு சொற்பமே.

கடைகளில் வாங்கும் வெளிநாட்டுச் செடிகளின் மிச்சத்தை ஏரி, குளம், வாய்க்காலில் எறியாதீர்கள். வெயிலில் நன்கு காயவைத்து எரித்துவிடுங்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்த ஆகாயத்தாமரை இன்று நம் நீர்நிலைகளை எவ்வாறு அடைத்துள்ளது என்பதை நீங்கள் அறிவீர்கள். நாட்டு ஆரையாயினும் கழித்த தண்டுகளை நெல் வயலில் போட்டுவிடாதீர்கள். ஒரு கணு பிழைத்தாலும் அடுத்த பருவத்தில் அது களையாகவே திரும்பி வரும்.