முழங்கையால் அழியும் சிலேட்டு

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. நைட் ஷிப்ட் முடித்து வந்த தம்பி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, கனவை அப்படியே வீடியோ எடுக்க மிஷின் வந்துடுச்சாமே?"

முந்தின நாள் பகல் தூக்கத்தில், செத்துப்போன அப்பா வந்து அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். எழுந்து முகம் கழுவுவதற்குள் பேச்சு மறந்துவிட்டது. முகம் மட்டும் நிற்கிறது.

"மறந்தது உன் தப்பில்லப்பா" என்றேன்.

தூங்கும்போது சில நேரம் மூடிய இமைக்குள் கருவிழி வேகமாக உருளும். சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் 1953இல் இதை எழுதினார்கள். அந்த நேரத்தில் தட்டி எழுப்பினால் பெரும்பாலானவர்கள் ஒரு கனவைச் சொல்வார்கள். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தக் கட்டம் வரும். தூக்கத்தின் கடைசிப் பகுதியில் நீளும். சிக்கல் என்னவென்றால், நடப்பதை நினைவில் பதிக்க உதவும் நார் அட்ரினலின் என்ற ரசாயனம் அப்போது மூளையில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. படம் ஓடும், பதிவு நடக்காது.

இதே கடற்கரையில், சற்றுத் தெற்கே, சென்னைத் துறைமுகத்தில் 1912இல் மாதம் 30 ரூபாய்க்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். கணித மேதை ராமானுஜன்தான். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்துவிட்டு அடுத்ததைப் போடுவாராம். கனவு காணும் மூளையும் அப்படித்தான், முழங்கையை வைத்துக்கொண்டே எழுதுகிறது.

அவருக்கு வந்த ஒரு கனவைப் பற்றியும் சொல்வார்கள். ரத்தம் வழிந்தோடியது போல ஒரு சிவப்புத் திரை, அதில் ஒரு கை வந்து சூத்திரங்களை எழுதியது. விழித்ததும் முதல் வேலையாக அவற்றைக் குறித்துவைத்தாராம். குலதெய்வமான நாமகிரித் தாயார் தந்தது என்பது அவர் நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. எனக்குப் பிடித்தது, எழுந்தவுடன் எழுதியதுதான்.

"மிஷின் கதைக்கு வாங்கண்ணே."

ஜப்பானில் யுகியாசு கமிதானி குழு 2013இல் வெளியிட்ட ஆய்வுதான் இதில் பேர்போனது. மூன்று பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் தூங்கவைத்தார்கள். கண் அசந்த சில நிமிடத்தில் எழுப்பி, "என்ன பார்த்தாய்?" என்று கேட்டார்கள். ஆளுக்கு 200 தடவையாவது இப்படி! (நம் ஊரில் நாலாவது தடவையே அடி விழும்.) கார், வீடு, ஆள் என்று அவர்கள் சொன்னதை வகை பிரித்தார்கள். அதே வகைப் படங்களை விழித்திருக்கும்போது காட்டி, மூளையில் ரத்த ஓட்டம் மாறும் விதத்தைக் கணினிக்குப் பழக்கினார்கள். ஆமாம், அந்தக் கருவி பார்ப்பதும் ரத்தத்தைத்தான். பிறகு கனவில் இரண்டில் எது வந்தது என்று கேட்டால், சராசரியாக 100க்கு 60 தடவை கணினி சரியாகச் சொன்னது. காசு சுண்டினாலே 50 கிடைக்கும்.

"அப்ப அது கனவைப் பார்க்கலையா?"

இல்லை. கனவு கண்டவர் வாயால் சொன்னதை வைத்துத்தான் கணினி சொன்னது சரியா தவறா என்றே தெரிகிறது. மூளையிலிருந்து எடுத்ததாக செல்போனில் சுற்றும் தெளிவான படங்கள் பெரும்பாலும், விழித்திருந்தவர்கள் ஒரு படத்தைப் பார்த்தபோது பதிவானவை. மிச்சத்தைச் செயற்கை நுண்ணறிவு இட்டு நிரப்புகிறது. முகத்தையே இப்படி ஊகிக்கிற கருவி, அப்பா பேசியதை எடுத்துத் தராது.

தம்பி கிளாஸைக் கீழே வைத்தார். "பதிவு பண்ற காலம் வந்தா, கம்பெனிக்காரன் கேட்டா காட்டணுமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கையோடு செய்யக்கூடியதை மட்டும் சொன்னேன். கண் விழித்ததும் புரளாதே, செல்போனைத் தொடாதே. கடைசியாக மிஞ்சிய துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போ. ஒரு சொல் கிடைத்தாலும் எழுது. தலைமாட்டில் ஒரு பேனா, பழைய நோட்டு போதும்.