நிதானத்துக்கும் விலை உண்டு

கடலுக்குச் செல்வதென்றால் கரையில் நின்று கால் நனைப்பது, மணலில் அமர்ந்து காற்று வாங்குவது என்றிருந்த பழக்கம் உலகெங்கும் மாறி வருகிறது. விசைப்படகு, படகு இழுத்துச் செல்லும் வான்குடை, நீரின் மேல் சீறிப்பாயும் ஜெட் ஸ்கி எனக் கடல் இன்று ஒரு விளையாட்டுத் திடலாகியிருக்கிறது. இவற்றுள் வழிகாட்டியுடன் செல்லும் ஜெட் ஸ்கி உலா தனி வகை. வழிகாட்டி முன்னே செல்ல, ஏழெட்டு ஊர்திகள் அவரைத் தொடர்ந்து ஒரு தீவையோ கடற்கரையையோ சுற்றி வரும். அலையாத்திக் காடு, மணல்திட்டு, ஓங்கில், ஆமை, கடற்பறவை எல்லாம் காணலாம் என்று விளம்பரம் சொல்லும். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: அந்த உலாவில் நாம் பணம் கொடுத்து வாங்குவது எதை? வேகத்தையா, வழிகாட்டியையா, அல்லது யாருக்கும் சொந்தமில்லாத அந்த ஓங்கிலையா?

முதலில் ஊர்தியைப் புரிந்துகொள்வோம். 'ஜெட் ஸ்கி' என்பது உண்மையில் ஜப்பானின் கவாசாகி நிறுவனம் 1973-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஊர்தியின் வணிகப் பெயர். அதற்கு முன்பே, 1968-இல், கனடாவின் பாம்பார்டியர் நிறுவனம் 'சீ-டூ' என்ற பெயரில் இத்தகைய ஊர்தியை விற்கத் தொடங்கியது. படகுக்கு இருப்பதுபோல வெளியே சுழலும் விசிறி இதற்கு இல்லை. அடிப்பகுதி வழியாக நீரை உறிஞ்சிப் பின்புறக் குழாய் வழியே பீய்ச்சியடிக்கும். அந்த உந்துதலில் முன்னே பாயும். அந்தக் குழாயைத் திருப்பினால்தான் ஊர்தியும் திரும்பும். ஆகவே விசையை முற்றிலும் விட்டுவிட்டால் திருப்பும் ஆற்றலும் போய்விடும். எதிரே தடை கண்டு பதறும் புதியவர் செய்யும் முதல் காரியம் விசையை விடுவதுதான்; ஊர்தியோ திரும்பாமல் நேராகச் சென்று மோதும். அண்மைக்கால ஊர்திகளில் இதற்குச் சில தீர்வுகள் வந்துள்ளன என்றாலும், அடிப்படை இயல்பு இதுவே.

இதன் சிறப்புகளே இதன் தொல்லைகளும். மிகக் குறைந்த ஆழத்திலும் ஓடக்கூடியது என்பதால், பெரிய படகுகள் எட்டிப் பார்க்காத இடங்களுக்கும் இது நுழைந்துவிடுகிறது. கடற்புல் படுகைகளும், மீன்குஞ்சுகள் வளரும் அலையாத்தி ஓரங்களும், பறவைகள் இரை தேடும் சேற்றுத் திட்டுகளும் இருப்பது அந்த ஆழமற்ற நீரில்தான். அடித்து வரும் நீர்த்தாரை சேற்றைக் கிளப்பிவிடும். கலங்கிய நீரில் புல்லுக்கு வெளிச்சம் குறையும். பறவைகளின் துன்பம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஒரு முறை அஞ்சி எழும் பறவை சற்று நேரத்தில் திரும்பிவிடும் என்று நாம் நினைக்கிறோம். நாளொன்றுக்கு இருபது முறை எழ நேர்ந்தால், அது தின்ற இரையைவிடச் செலவிட்ட ஆற்றல் மிகுந்துவிடும். கூட்டில் இருக்கும் முட்டைகள் வெயிலில் காயும். ஃபுளோரிடாவில் நடந்த ஆய்வொன்று, இத்தகைய ஊர்திகள் நீர்ப்பறவைகளிடமிருந்து, இனத்துக்கேற்ப, 100 முதல் 180 மீட்டர் வரை விலகியிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கண்ணுக்கு அருகில் பறவையைப் பார்க்கப் பணம் கட்டியவருக்கு 180 மீட்டர் என்பது நெடுந்தொலைவு.

சில ஆண்டுகளுக்கு முன் மகள் குடும்பத்துடன் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தங்கியிருந்தபோது, அதன் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவுக்குச் சென்றேன். பெருநிலத்திலிருந்து தீவுக்குத் தீவு பாலம் போட்டுச் செல்லும் நெடுஞ்சாலை அங்கே முடிகிறது. அங்கிருந்து கியூபா ஏறக்குறைய 145 கி.மீ. தொலைவுதான். அந்தத் தீவை முழுவதுமாகச் சுற்றிவரும் ஜெட் ஸ்கி உலா அங்கே புகழ்பெற்றது. ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மருமகன் ஓட்ட, நான் பின்னிருக்கையில். புறப்படும் முன் அரை மணி நேரம் விளக்கம். மிதவைச் சட்டை கட்டாயம்; ஓட்டுபவர் விழுந்தால் எந்திரம் தானே நிற்கும்படி மணிக்கட்டில் ஒரு கயிறு; முன்னே செல்லும் ஊர்தியிலிருந்து இவ்வளவு இடைவெளி; வழிகாட்டி கையை உயர்த்தினால் படிப்படியாக வேகம் குறைத்து நிற்க வேண்டும். அம்மாநிலச் சட்டப்படி 14 வயதுக்குக் குறைந்தவர் இதை ஓட்டக்கூடாது; 18 வயதுக்குக் குறைந்தவருக்கு வாடகைக்கு விடக்கூடாது; சூரியன் மறைந்து அரை மணிக்குப் பின் ஓட்டவே கூடாது.

ஒருபுறம் அட்லான்டிக், மறுபுறம் மெக்சிகோ வளைகுடா. ஆழம் மாறும்போதெல்லாம் நீரின் நிறமும் மாறியது. மணல்திட்டின் மேல் பாலில் பச்சை கலந்ததுபோல் இருந்த நீர், கடற்புல் மேல் கரும்பச்சையாகி, கால்வாயில் ஆழ்நீலமாயிற்று. ஓரிடத்தில் வழிகாட்டியான இளம்பெண் கையை உயர்த்தினார். எல்லா எந்திரங்களும் அடங்கின. சற்றுத் தொலைவில் மூன்று ஓங்கில்கள் முதுகு காட்டி மூழ்கி எழுந்து சென்றன. அந்த அமைதியில் அவை மூச்சுவிடும் ஒலி கேட்டது. எங்கள் குழுவில் ஒருவர் கொஞ்சம் அருகில் போகலாமே என்றார். வழிகாட்டி மறுத்தார், அவையாக நம்மிடம் வந்தால் பார்க்கலாம், நாம் அவற்றிடம் போகக்கூடாது என்றார். கேட்டவரின் முகம் வாடியது. ஓங்கில்கள் வரவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்து நகர்ந்தோம்.

அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பொருளாதாரப் பாடமே அடங்கியிருக்கிறது. அந்த உலாவுக்கு விலை நிர்ணயிக்கும்போது எரிபொருள், ஊர்தித் தேய்மானம், காப்பீடு, ஊதியம் எல்லாம் கணக்கில் வருகின்றன. ஓங்கிலின் கலைந்த ஓய்வு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. விற்பவரும் வாங்குபவரும் சுமக்காமல் மூன்றாமவர் தலையில் விழும் இத்தகைய செலவை, 'புறவிளைவு' என்கிறோம். ஆர்தர் பிகூ 1920-இல் வெளியிட்ட நலப் பொருளாதார நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். இங்கே சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. வழிகாட்டியின் வருவாயில் ஒரு பகுதி, உலா முடிவில் பயணிகள் மகிழ்ந்து தரும் அன்பளிப்பு. அருகே போனால் அன்பளிப்பு கூடும். விலகி நின்றால் குறையும். அதாவது, சரியாக நடந்துகொள்பவருக்குச் சந்தை அபராதம் விதிக்கிறது. பக்கத்து நிறுவனத்தின் வழிகாட்டி ஓங்கிலைத் துரத்திச் சென்று காட்டுவாரானால், நாளடைவில் இவருடைய வாடிக்கையாளர்கள் அவரிடம் போய்விடுவார்கள். தரம் எது என்று வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்கை மட்டமான சரக்கு விரட்டிவிடும் என்று 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கியது இதுபோன்ற நிலையைத்தான். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த இளம்பெண்ணால் மறுக்க முடிந்தது எப்படி? அவருடைய நற்குணம் ஒரு காரணம். அவருக்குப் பின்னால் நின்ற விதிகள் இன்னொரு காரணம். கடல்வாழ் பாலூட்டிகளைத் துன்புறுத்துவதும் அவற்றுக்கு இரை போடுவதும் அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு மேல், 2007-இல் கீ வெஸ்ட் பகுதியில் தொடங்கிய தன்னார்வச் சான்றிதழ் திட்டம் ஒன்று உண்டு. ஓங்கிலிடமிருந்து குறைந்தது 50 கஜம் விலகி நிற்பது, அவை கலங்கினால் மெல்ல அகல்வது, இரை போடாமலும் தொடாமலும் இருப்பது, பயணிகளுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுப்பது ஆகியவற்றை ஏற்கும் நிறுவனங்களுக்கு அடையாளக் கொடி வழங்கப்படுகிறது. அகர்லாஃப் சொன்ன நோய்க்கு இது ஒரு மருந்து. நிதானமாக நடப்பவர் யார் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிட்டால், நிதானத்துக்கும் விலை கிடைக்கும்.

ஆனால், சான்றிதழ் மட்டும் போதாது; எல்லைக்கோடும் வேண்டும். கீ வெஸ்டுக்கு மேற்கே உள்ள சிறு தீவுகளை, பறவைகளின் இறகுக்காகவும் முட்டைக்காகவும் நடந்த வேட்டையைத் தடுக்க, 1908-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் காப்பிடமாக அறிவித்தார். இன்று அந்தக் காப்பிடத்தில் ஜெட் ஸ்கி நுழையவே அனுமதியில்லை. வேறிடங்களில் வேறு வழிகள். ஹவாயில், மௌயி தீவின் மேற்கு, தெற்குக் கடற்பரப்பில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் வந்து குட்டி ஈனும் பருவமான டிசம்பர் 15 முதல் மே 15 வரை இவ்வூர்திகளுக்குத் தடை. வாஷிங்டன் மாநிலத்தின் சான் வான் மாவட்டமோ 1996-இல் தன் கடற்பரப்பு முழுவதிலும் இவற்றைத் தடை செய்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டபோது, தடை செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. இட வரம்பு, கால வரம்பு, முழுத் தடை என மூன்று கருவிகள். எது பொருந்தும் என்பதை அந்தந்தக் கடல்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஃபுளோரிடாவின் மானட்டி உணர்த்துகிறது. நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவின் உறவினம் அது. புல் மேய்ந்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சுவிட மேலே வரும் மெதுவான உயிரினம். படகுகள் மோதி இறப்பதைத் தடுக்க, அது நடமாடும் இடங்களில் மெதுவேகப் பகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவை பயன் தந்தன. 2017-இல் அழிவின் விளிம்பு என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி வகைப்படுத்தும் அளவுக்கு அதன் எண்ணிக்கை தேறியது. ஆனால், 2021-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 1,100 மானட்டிகள் இறந்தன. பெரும்பாலானவற்றைக் கொன்றது பசி. கழிவுநீரும் உரச்சத்தும் கலந்து பாசி பெருகியதால், இந்தியன் ஆற்றுக் காயலில் கடற்புல் அழிந்துபோயிருந்தது. வேகத்தை மட்டும் கட்டுப்படுத்திவிட்டு நீரைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆயிரம் கி.மீ.க்கு மேல் கடற்கரை கொண்ட தமிழகத்திலும் நீர் விளையாட்டுகள் பரவி வருகின்றன. அவற்றால் வேலைவாய்ப்பும் பெருகும் என்பதால் அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால், நம் கடல் காலியான திடல் அன்று. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 ச.கி.மீ. பரப்பை, நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. இந்தியக் கடலில் ஆவுளியாக்கள் சில நூறு மட்டுமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. வலையில் சிக்கும் ஆவுளியாவை உயிருடன் கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்கி வருகிறது. அதே ஆழமற்ற நீரில்தான் கரைவலை இழுப்பவரும், நாட்டுப்படகில் நண்டு வலை விரிப்பவரும் பிழைக்கிறார்கள். அங்கே ஒரு ஜெட் ஸ்கி திசைதவறி நுழைந்தால் அறுபடுவது வலை மட்டுமல்ல.

விதிகளும் நமக்குப் புதியவை அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடும் உண்டு. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே கூடி வகுக்கும் விதிகள் நீடித்து நிற்கும் என்று எலினார் ஆஸ்ட்ரம் ஆய்ந்து காட்டி, 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்ணானார். அவர் சொன்னதன் சாரம் நம் மீனவர் ஊர்க்கூட்டங்களுக்கு அன்னியமானதன்று.

ஆகவே, வரிசைமுறைதான் முக்கியம். முதலில் வரைபடம், பிறகு உரிமம். கடற்புல் படுகை, பறவைத் திட்டு, வலை விரிக்கும் இடம் ஆகியவற்றை மீனவர்களை வைத்துக்கொண்டே குறித்து, அவற்றுக்கு வெளியேதான் உலாப் பாதை அமைய வேண்டும். ஊர்திகள் இத்தனை, நாளொன்றுக்கு உலாக்கள் இத்தனை என்று எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். வழிகாட்டி இல்லாமல் வாடகைக்கு விடுவதை அனுமதிக்கக் கூடாது. வழிகாட்டியாக, கடலறிந்த மீனவக் குடும்பத்து இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து, அன்பளிப்பை நம்பியிராத அளவுக்கு நிலையான ஊதியம் தர வேண்டும். மறுக்கும் துணிவு அப்போதுதான் வரும். ஒவ்வொரு நுழைவுச் சீட்டிலிருந்தும் ஒரு பங்கு அந்தக் கடலைக் காக்கும் ஊர்களுக்குச் சேர வேண்டும்.

உரிமங்களை வழங்கி, முதலீடுகள் குவிந்த பிறகு கோடு போட முயல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு உலகில் எடுத்துக்காட்டுகள் ஏராளம். அப்போது எதிரே நிற்பது வாழ்வாதாரம் கேட்கும் மனிதர்களாக இருப்பார்கள். அவர்களுடைய கோரிக்கையிலும் நியாயம் இருக்கும். நமக்கு வாய்த்த நற்பேறு, நாம் இன்னும் தொடக்கத்தில் நிற்கிறோம் என்பதே. ஆவுளியா நீதிமன்றம் செல்லாது, அன்பளிப்பும் தராது. அதன் பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டியவர்கள் நாம்தான்.