பிரிந்த இசைக்குழு மீண்டும் மேடையேறும்போது என்ன நடக்கிறது?

2022 ஒக்டோபர் மாதத்தின் ஓர் இரவு. லண்டன், கெம்டன் பகுதியிலுள்ள ரவுண்ட்ஹவுஸ் அரங்கின் வாசலில் நானும் பெரியம்மாவின் மகன் அண்ணாவும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அந்த வருடம் நான் நின்ற வரிசைகளில் பெற்றோலுக்கோ காஸுக்கோ அல்லாமல் பாட்டுக்காக நின்ற ஒரேயொரு வரிசை அதுதான். குறுகிய கால ஊடகப் பயிற்சி ஒன்றுக்காக லண்டன் போயிருந்தேன். பவுண் ஒன்று சுமார் 400 ரூபாய் விற்ற நேரம். ரிக்கெற்றின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கக்கூடாது என்று அண்ணா முதலே சொல்லியிருந்தார். நான் பெருக்கிப் பார்த்தேன். வீட்டுக்கு அதைச் சொல்லவில்லை.

வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. மற்றப் பாதிப் பேர் இருபது வயதை ஒட்டியவர்கள். இடைப்பட்ட வயதினர் குறைவு. பார்க்கப்போவது பேவ்மென்ட் என்ற அமெரிக்க இசைக்குழுவை. அந்தக் குழு கடைசியாகப் புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டது 1999 இல். அப்போது பிறந்திருக்காத பிள்ளைகள் ஏன் அந்த வரிசையில் நின்றார்கள்? பிரிந்துபோன குழுக்கள் ஏன் மீண்டும் சேர்கின்றன? சேரும்போது உண்மையில் திரும்பி வருவது என்ன? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அண்ணாவும் நானும் அந்த வரிசைக்கு வந்த கதையையும் அதோடு சேர்த்துத்தான் சொல்லமுடியும்.

அண்ணா விட்டுப்போன நான்கு இறுவட்டுகள்

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. சில மாதங்களில் அண்ணா யாழ்ப்பாணம் வந்தார். 1991 இல் போனவர் அப்போதுதான் திரும்பி ஊரைப் பார்த்தார். போகும்போது தான் கொண்டுவந்த சிறிய இறுவட்டுக் கருவியையும் நான்கு இறுவட்டுகளையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார். நான் அப்போது உயர்தர வகுப்பு மாணவி. நான்கில் இரண்டு பேவ்மென்ட் குழுவினுடையவை.

லண்டனில் ஆரம்ப காலத்தில் அண்ணாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. துணைக்கு ஒரு வானொலி. பி.பி.சி. ரேடியோ 1 இல் ஜோன் பீல் என்ற அறிவிப்பாளரின் இரவு நிகழ்ச்சியில் பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத குழுக்களின் பாடல்கள் ஒலிக்கும். பேவ்மென்ட் பீலுக்கு மிகப் பிடித்த குழுக்களில் ஒன்று. "பாட்டு ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் அந்தாள் பாடுறது நித்திரையால எழும்பின ஆள் கதைக்கிற மாதிரி இருந்தது. எனக்கும் அப்ப அப்பிடித்தான் இருந்தது" என்று அண்ணா ஒருமுறை சொன்னார்.

எனக்கும் வரிகள் விளங்கவில்லை. பற்றரி தீரும்வரை கேட்டேன்.

ஐந்து பேர், பத்து வருடங்கள்

பேவ்மென்ட் 1989 இல் கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரில் தொடங்கியது. ஸ்டீபன் மல்க்மஸ், ஸ்கொட் கன்பெர்க் என்ற இரண்டு நண்பர்கள், ஊரில் வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த கரி யங் என்பவரிடம் போய் முதல் பாடல்களைப் பதிவுசெய்தார்கள். அவர்களைவிட வயதில் நன்றாக மூத்த யங், அந்தக் குழுவின் முதல் ட்றம்ஸ் கலைஞரும் ஆனார். வந்திருப்பவர்களுக்கு கோவா கொடுப்பது, மேடையில் தலைகீழாக நிற்பது எல்லாம் அவருடைய வேலைகள். 1993 இல் அவர் விலக, ஸ்டீவ் வெஸ்ட் வந்தார். மார்க் ஐபோல்ட், பொப் நஸ்டனோவிச் ஆகியோரோடு ஐந்து பேர்.

இவர்களை 'இண்டி' குழு என்பார்கள். சுயாதீனம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. பெரிய இசை நிறுவனங்களுக்கு வெளியே, சிறிய வெளியீட்டகங்கள் மூலம் இசையை வெளியிடுபவர்களைக் குறிக்கத் தொடங்கி, பின்னர் ஒரு பாணிக்கே பெயராகிவிட்டது. பேவ்மென்ட்டின் முதல் முழுத் தொகுப்பு 1992 இல் மெட்டடோர் என்ற சிறிய வெளியீட்டகத்தில் வந்தது. பளபளப்பில்லாத ஒலி, சுருதி சற்று விலகிய கிற்றார், அக்கறையில்லாதவர் போல் பாடும் குரல். 1994 இல் ஒரு பாடல் வானொலிகளில் ஓரளவு ஓடியது. அதற்குமேல் அவர்கள் நட்சத்திரங்கள் ஆகவில்லை.

1999 நவம்பரில் லண்டன் பிரிக்ஸ்டன் அரங்கில் நடந்த நிகழ்ச்சியே கடைசி. ஒலிவாங்கித் தாங்கியில் மல்க்மஸ் ஒரு கைவிலங்கைத் தொங்கவிட்டார். இத்தனை வருடம் ஒரு குழுவில் இருப்பது இப்படித்தான் இருந்தது என்ற பொருள்படப் பேசினார். அதோடு முடிந்தது.

ஏன் திரும்பி வருகிறார்கள்?

முதல் காரணம் பணம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. 1990 களில் ஓர் இசைக்குழுவின் வருமானத்தில் இறுவட்டு விற்பனைக்குப் பெரிய இடமிருந்தது. இணையம் வந்தபின் அந்த விற்பனை சரிந்தது. இப்போது இணையத்தில் ஒரு பாடலை ஒருவர் ஒருமுறை கேட்டால் கலைஞருக்குக் கிடைப்பது ஒரு சதத்தின் சிறு பங்கு. மிஞ்சியிருப்பது மேடை. குழு இயங்கிய காலத்தில் மாணவர்களாகவும் வேலை தேடுபவர்களாகவும் இருந்த ரசிகர்கள் இன்று சம்பளம் எடுப்பவர்கள். அன்று சிறிய மண்டபத்தை நிரப்பிய குழு, பத்து இருபது வருடம் கழித்துப் பெரிய மண்டபத்தை நிரப்புவது இப்படித்தான்.

பேவ்மென்ட் 2010 இல் முதல் முறை மீண்டும் சேர்ந்தது. நியூயோர்க் மத்திய பூங்காவில் நடக்கவிருந்த நிகழ்ச்சிக்கு ஒரு வருடம் முன்னரே ரிக்கெற் விற்பனைக்கு வந்தது. வந்த வேகத்தில் தீர்ந்தது. இரண்டாவது மீள்சேர்க்கை 2020 இல் நடந்திருக்கவேண்டியது. கொரோனா அதை 2022 வரை தள்ளிவிட்டது.

இரண்டாவது காரணம் நினைவு. மனிதர்களிடம் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலிருந்தே அதிகமான நினைவுகளைச் சொல்வார்கள் என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்ட விடயம். அந்த வயதில் கேட்ட பாட்டு அந்த வயதின் மணத்தோடு திரும்பி வரும். மீள்சேர்க்கைப் பயணங்கள் விற்பது அந்த மணத்தைத்தான்.

எங்களைப் போன்றவர்களுக்குச் சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில். எங்களுடைய பத்துக்கும் முப்பதுக்கும் இடையில் பங்கர் இருந்தது, இடப்பெயர்வு இருந்தது, தேடியும் கிடைக்காத ஆட்கள் இருந்தார்கள். பாட்டை இழுத்தால் அதுவும் சேர்ந்து வரும். 2010 மே மாதம் பேவ்மென்ட் மீண்டும் பிரிக்ஸ்டனுக்கு வந்தபோது அண்ணா அந்த அரங்கிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில்தான் இருந்தார். போகவில்லை. முள்ளிவாய்க்காலுக்குச் சரியாக ஒரு வருடம். வன்னியில் இருந்த அவருடைய தம்பியைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இன்றும் இல்லை. "அந்த மாதம் எனக்குப் பாட்டே கேக்க ஏலாமல் இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

மறந்த பாடல் ஒன்று திரும்பி வந்தது

வரிசையில் நின்ற இளையவர்களுக்கு வருகிறேன். அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்தது 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' என்ற ஒரு பாடல். 1990 களின் பிற்பகுதியில் பதிவுசெய்து, முழுத் தொகுப்பு எதிலும் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த பாடல். 1999 இல் ஒரு சிறிய இறுவட்டில் உப பாடலாக வந்தது. தீவிர ரசிகர்கள் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணா தந்த நான்கில் ஒன்று அந்தச் சிறிய இறுவட்டு. ஆகவே அது எனக்கு அரிய பாடல் அல்ல. இருப்பதே ஐந்து பாட்டு என்பதால் திரும்பத் திரும்பக் கேட்ட பாடல்.

2017 அளவில் ஸ்பொட்டிஃபை சேவை ஒரு மாற்றம் செய்தது. நீங்கள் தெரிவுசெய்த பாடல்கள் முடிந்ததும், அதையொத்த வேறு பாடல்களைத் தானே ஒலிக்கவிடும் வசதியைப் பயனர் கேட்காமலே இயங்கும்படி வைத்தது. இந்த இடத்தில் தெரிவுசெய்வது மனிதரல்ல, கணினி நிரல். பெயர்பெற்ற பாடல் எது என்று அது யோசிப்பதில்லை. முன்னர் ஒலித்த பாடலோடு ஒத்துப்போவதைத் தேடுகிறது. பலவகைப் பாடல்களோடும் இணங்கிப்போகும் ஒலி இந்தப் பாடலுக்கு இருந்தது. நிரல் அதை எடுத்தது. கேட்டவர்கள் நிறுத்தவில்லை. கேட்பவர் கூடக் கூட நிரல் அதை இன்னும் அதிகமாக எடுத்தது. பின்னர் டிக்டொக்கிலும் பரவியது. குழுவினரே ஒதுக்கிய பாடல், அவர்களுடைய மிக அதிகம் கேட்கப்பட்ட பாடலாயிற்று. 2022 இல் அதற்குப் புதிதாக ஒரு காணொளியும் தயாரித்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நிரலால் எதையும் உருவாக்க முடியாது. இருப்பதைத்தான் எடுக்கும். அந்தப் பாடல் திரும்பி வந்ததற்கு முதற் காரணம், யாரோ அதன் ஒலிநாடாவைப் பத்திரமாக வைத்திருந்ததும், 2008 இல் பழைய தொகுப்பை மறுவெளியீடு செய்தபோது அதையும் சேர்த்துக்கொண்டதும்தான்.

அந்த இரவு

ரவுண்ட்ஹவுஸ் 1847 இல் ரயில் எஞ்சின்களைத் திருப்புவதற்காகக் கட்டிய வட்டக் கட்டடம். பிறகு மதுபானக் களஞ்சியம். 1960 களில் இசை அரங்கு. நடுவில் பல வருடம் பூட்டிக்கிடந்து 2006 இல் மீண்டும் திறந்தது. உள்ளே வட்டமாக நிற்கும் இரும்புத் தூண்களில் ஒன்றோடு அண்ணா சாய்ந்துகொண்டார். அவருக்கு வயது 52. மூன்று மணிநேரம் நிற்பது முழங்காலுக்குக் கஷ்டம்.

பேவ்மென்ட் அங்கே தொடர்ந்து நான்கு இரவுகள் வாசித்தது. ஒவ்வொரு இரவும் பாடல் வரிசை மாறியது. ஐந்து பேரும் வந்தார்கள். கூடவே விசைப்பலகைக்கு றெபெக்கா கிளே கோல் என்ற புதியவர். மல்க்மஸ் மேடையின் ஓரத்தில், யாருக்கும் தலைவர் இல்லை என்பதுபோல் நின்று பாடினார். நஸ்டனோவிச் கத்திக் குதித்தார். கைவிலங்கு எதுவும் இல்லை. அந்தப் பழைய உப பாடல் தொடங்கியதும் எனக்கு முன்னால் நின்ற இளம் பெண்கள் முதல் வரியிலிருந்தே பாடினார்கள். நானும் பாடினேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் தனியாகக் கேட்ட பாட்டை இத்தனை பேர் சேர்ந்து பாடுவதைக் கேட்டபோது சந்தோஷம் வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது.

அண்ணா பாடவில்லை. அவர் கண் முழுக்க ட்றம்ஸ் வாசிப்பவரிலேயே இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவரே கதையைத் தொடங்கினார். "முந்தி வாசிச்ச அந்தக் கிழவன் வரேல்லை, பாத்தியா? ஆனாலும் அவன்ர அடியைத்தான் மற்றவன் அடிச்சவன்." கரி யங்கைச் சொன்னார். யங் அடுத்த வருடம் ஓகஸ்டில், 70 வயதில் காலமானார்.

அண்ணாவுக்கு அது ஏன் பட்டது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவரும் ஊரில் ட்றம்ஸ் வாசித்தவர். ஏழு பேர் கொண்ட இசைக்குழு. கோயில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டும் சொந்தமாக இரண்டு மூன்று பாட்டும் வாசிப்பார்களாம். 1990 இல் இந்திய இராணுவம் வெளியேறியதற்கும் ஜூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியதற்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் ஒரு திருவிழா. அதை யாரோ கசற்றில் பதிவுசெய்தார்கள். ஏழு பேரில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிஸில், ஒருவர் ஊரில். மூன்று பேர் உயிரோடு இல்லை.

"அவங்கள் திரும்பச் சேந்தாங்கள். எங்களுக்குச் சேர ஆளில்லை. அது பரவாயில்லை. அந்தக் கசற் எண்டாலும் இருந்திருக்கலாம். அது 95 இல வீட்டோட போட்டுது" என்றார்.

எங்களிடம் மிஞ்சியிருப்பவை

மீள்சேர்க்கை என்றால் பழையது அப்படியே திரும்புவது என்று நினைத்துத்தான் நான் போனேன். அங்கே பார்த்தது அதுவல்ல. ஒருவர் இல்லை, ஒருவர் புதிது, எல்லோருக்கும் வயதாகிவிட்டது. ஆனாலும் அது நடந்தது. பாட்டு பதிவாகியிருந்ததால் அந்த இடைவெளிகளைத் தாண்டி நடந்தது. ஆட்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அவர்கள் வாசித்ததையாவது இழக்காமல் இருப்பது சிலவேளை எங்கள் கையில் இருக்கிறது.

1980 களிலும் 90 களிலும் ஊருக்கு ஊர் இருந்த இசைக்குழுக்கள், நாடகக் குழுக்கள், வில்லுப்பாட்டுக் குழுக்களின் கசற்றுகள் இன்றும் சில வீட்டு அலுமாரிகளில் கிடக்கக்கூடும். புலம்பெயர்ந்தவர்களின் பெட்டிகளிலும் இருக்கலாம். காந்த நாடா நிரந்தரமானதல்ல. ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், ஒலி மங்கும். பழைய கசற் கிடைத்தால் கண்ட கருவியில் போட்டு ஓடவிடாதீர்கள். நாடா சிக்கினால் அறுந்துபோகும். வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். யார் வாசித்தது, எந்த ஊர், எந்த வருடம் என்று தெரிந்ததை ஒரு துண்டில் எழுதி அதோடு வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துகிறது. அப்படியானவர்களிடம் கொடுத்தால் நாடாவை எண்ணிமமாக்கலாம்.

ஊரிலிருக்கும் அந்த ஒருவரைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். அந்தக் காலத்தில் கீபோர்ட் வாசித்தவர். 1990 திருவிழாக் கசற்றில் இரண்டு பிரதி எடுத்ததாகவும், ஒன்றை அக்காவின் கணவர் வாங்கிக்கொண்டு போனதாகவும் சொன்னார். அக்கா குடும்பம் இப்போது பருத்தித்துறையில். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கிடைக்குமோ தெரியாது. லண்டனிலிருந்து அண்ணா இரண்டு நாளைக்கு ஒருமுறை எடுத்துக் கேட்கிறார்.